வேலை ஸ்தலத்தில் சிரிப்பும் மரியாதையும்

இப்போது நம் பட்டணத்தில் ஒரு புதுப்பேச்சு கிளம்பியிருக்கிறது. அதாவது, வேலை செய்யும் இடம் சந்தோஷமாயிருக்க வேண்டும். சிப்பந்திகள் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும். அதற்காக முதலாளிமார்கள் அவர்களோடு வேடிக்கையாய்ப் பேச வேண்டும். நன்றாய் வேலை செய்தவர்களை நாலு பேர் முன்னிலையில் பாராட்ட வேண்டும் என்பதாகும். அடையாற்றுக்குத் தெற்கே இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இதற்கென்றே தனியாய் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். வாரக் கடைசியில் விளையாட்டு, பிறந்த நாளுக்குக் கேக்கு, மாதத்திற்கு ஒருவர் படத்தைச் "சிறந்த சிப்பந்தி" என்று சுவரில் மாட்டுவது இவை போன்ற காரியங்கள் நடக்கின்றன. தியாகராய நகர்ப் பெரிய கடைகளிலும், மயிலாப்பூர் ஆபீசுகளிலும்கூட இந்தப் பழக்கம் மெள்ள மெள்ள வந்துகொண்டிருக்கிறது.

இதைக் கெட்டது என்று சொல்ல நாம் வரவில்லை. மனிதன் கூலிக்கு மாத்திரம் உழைக்கிற ஜந்து அல்ல. தன் உழைப்பை ஒருவன் கண்டான், கண்டு நல்லது என்று சொன்னான் என்கிற திருப்தி யாவருக்கும் வேண்டியதுதான். பக்கத்திலிருப்பவனோடு சிரித்துப் பேசிக்கொண்டு செய்கிற வேலையில் களைப்பும் குறைவாய்த்தான் தெரியும். நாற்று நடுகிற பெண்களையும், கட்டடத்திற்குக் கல் தூக்குகிற கூலிகளையும் பார்த்தவர்களுக்கு இதைப் புத்தகம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நம்முடைய கேள்வி வேறு. சிரிக்க வேண்டும் என்கிறீர்களே, யாரைப் பார்த்து யார் சிரிப்பது? பாராட்ட வேண்டும் என்கிறீர்களே, எதைக் கொடுத்துப் பாராட்டுவது? இந்த இரண்டையும் சற்றுப் பகுத்தறிவைக்கொண்டு யோசித்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

ஒரு ஸ்டூலின் கதை

சென்ற ஆடி மாதத்தில் ஒரு தோழர் வீட்டுக் கலியாணத்திற்கு வேட்டி துண்டு வாங்குவதற்காக மாம்பலம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருக்கும் கடைத்தெருப் பக்கம் போயிருந்தோம். ஆடி ஆகாத மாதம், அதில் நல்ல காரியம் ஒன்றும் தொடங்கக்கூடாது என்று மற்ற நாளெல்லாம் சாதிக்கிற ஜனங்கள், தள்ளுபடி என்ற ஒரு வார்த்தையைக் கேட்டவுடன் சாஸ்திரத்தை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு ஆயிரக்கணக்கில் அங்கே வந்து நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அது நிற்க.

ஒரு கடையில் மூன்றாம் மாடியில் எங்களுக்குத் துணி எடுத்துக் காட்டியது இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பேச்சிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது. அவள் முதுகுப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் ஆள் உயரத்திற்குத் துணிக்கட்டு அடுக்கியிருந்தது.

"இந்த ஸ்டூல் யாருக்கம்மா?" என்று கேட்டோம்.

"எங்களுக்குத்தான் ஐயா. உக்காரணும்னு சட்டம் வந்திருக்காம்லா."

"அப்படியானால் உட்காரலாமே?"

அவள் அந்தத் துணிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப சரக்கு உக்காந்திருக்கு ஐயா. பாவம், அதுக்கும் கால் வலிக்கும்லா" என்று சொல்லிச் சிரித்தாள். பக்கத்திலிருந்த இன்னொரு பெண்ணும் சிரித்தாள். நாங்களும் சிரித்துவிட்டோம்.

அதற்குள் மாடி முழுவதையும் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். இரண்டு பெண்களின் சிரிப்பும் விளக்கை அணைத்தது போல் அணைந்துவிட்டது. அவர் நின்றிருந்த தூணில் ஒரு அட்டை தொங்கிற்று. "வாடிக்கையாளரைப் புன்னகையோடு வரவேற்போம்" என்று அதில் எழுதியிருந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். அட்டையில் எழுதிய சிரிப்பு அந்தப் பெண்ணுக்குக் கடமை. அவளாகச் சிரித்த சிரிப்போ குற்றம். முந்தினது முதலாளியின் சரக்கு. பிந்தினது அவளுடைய சொந்தச் சொத்து. முந்தினதை வளர்த்துவிட்டு, வேலை ஸ்தலத்தில் சந்தோஷம் வளர்ந்துவிட்டது என்று கணக்கெழுதுவதைத்தான் நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

நாற்காலிக்கு 122 வருஷம்

அந்த ஸ்டூல் சும்மா வந்ததல்ல. இங்கிலாந்தில் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு மூன்று பேருக்கு ஒரு ஆசனமாவது போடவேண்டும் என்று 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் 1948-ல் செய்த தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவு, நின்றுகொண்டு வேலை செய்கிறவர்கள் சமயம் கிடைத்தபோது உட்கார வசதி செய்யவேண்டும் என்று சொல்லிற்று. ஆனால் அது தொழிற்சாலைக்கு. அதற்கு முந்தின வருஷம், 1947-ல், சென்னை மாகாணத்தில் கடைகளுக்கென்றே ஒரு சட்டம் செய்தபோது, கடைச் சிப்பந்திக்கும் கால் உண்டு என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் சேர்ந்து பல வருஷம் கிளர்ச்சி செய்ததன் பேரில் 2018-ல் அங்கே கடைச்சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் மாதத்தில் சட்டசபையில் மசோதா கொண்டுவரப்பட்டு, 1947-ம் வருஷத்துச் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. கடைகளிலும் வர்த்தக நிறுவனங்களிலும் எல்லாச் சிப்பந்திகளுக்கும் தகுந்த ஆசன வசதி இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். 1899-க்கும் 2021-க்கும் இடையில் 122 வருஷம். ஒரு ஸ்டூல் லண்டனிலிருந்து தியாகராய நகருக்கு வர இவ்வளவு காலம் பிடித்தது என்றால், அது நடந்து வந்திருந்தாலும் இதைவிடச் சீக்கிரம் வந்திருக்கும்.

நிற்பதில் என்ன கஷ்டம், நின்றுதானே பழக்கம் என்று சிலர் கேட்கலாம். உடம்பின் சங்கதி இது. காலுக்கு இறங்கிய இரத்தம் மேலே இருதயத்திற்குத் திரும்பிப் போகவேண்டும். நடக்கும்போது கெண்டைச் சதை சுருங்கிச் சுருங்கி அதைப் பம்பு போல் மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்தப் பம்பு வேலை செய்வதில்லை. இரத்தம் கீழே தேங்குகிறது, கால் வீங்குகிறது, நாளடைவில் இரத்தக் குழாயின் உள்ளேயிருக்கும் தடுக்குகள் பழுதாகி, காலில் பச்சை பச்சையாய் நரம்பு சுருட்டிக்கொண்டதுபோல் புடைக்கிறது. இப்படி ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு, சாயங்காலத்தில் "ஏன் முகத்தில் சிரிப்பைக் காணோம்?" என்று கேட்பது எவ்வளவு யோக்கியமான கேள்வி என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இந்தத் தெருவின் சிப்பந்திகள் படும் பாட்டை 2010-ல் வெளிவந்த "அங்காடித் தெரு" என்னும் சினிமா நாடு முழுவதும் காட்டிற்று. பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். கண்ணீர் விட்டவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே தெருவுக்குத் துணி வாங்கவும் போனார்கள். போனது தப்பில்லை. போன இடத்தில், "அம்மா, நீ உட்கார்ந்துகொண்டே காட்டு, எங்களுக்கு ஒன்றும் மரியாதைக் குறைவில்லை" என்று எத்தனை பேர் சொன்னார்கள்?

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

முதலாளி வேடிக்கையாய்ப் பேசினால் ஆபீஸ் சந்தோஷமாயிருக்கும் என்கிறார்கள். முதலாளி வேடிக்கை பேசினால் குமாஸ்தா சிரித்துத்தான் ஆகவேண்டும். எவ்வளவு பழைய வேடிக்கையானாலும், ஒன்பது தடவை கேட்டதானாலும், பத்தாந் தடவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத்தான் வேண்டும். இப்படி ஒரு சம்பாஷணையைக் கற்பனை செய்து பாருங்கள்.

முதலாளி: என்னய்யா, நான் சொன்ன வேடிக்கைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நீர் மாத்திரம் ஏன் சிரிக்கவில்லை?

குமாஸ்தா: மன்னிக்கவேண்டும். நான் நேற்றே ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இதுதான் மேலிருந்து கீழே வருகிற வேடிக்கையின் நிலைமை. அதிலும் அந்த வேடிக்கை பெரும்பாலும் எதைப் பற்றியிருக்கிறது? ஒருவன் கறுப்பு, ஒருத்தி பருமன், ஒருவன் பேச்சில் ஊர் வாடை, ஒருவனுக்கு இங்கிலீஷ் சரியாய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கிண்டினால் அதற்கடியில் ஜாதி இருக்கும். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று முடிப்பார்கள். ஆட்டுக்குட்டியோடு ஓநாய் விளையாடினால் விளையாட்டு யாருக்கு என்பதைச் சொல்லவேண்டுமா?

ஆதலால் வேலை ஸ்தலத்து நகைச்சுவைக்கு நாம் ஒரு பரீட்சை வைக்கிறோம். முதலாளியைப் பார்த்து, அவர் காதில் விழும்படியாகவே, ஒரு சிப்பந்தி ஒரு வேடிக்கை சொல்லிவிட்டு மறுநாள் பயமில்லாமல் வேலைக்கு வர முடியுமா? முடியுமானால் அங்கே நகைச்சுவை இருக்கிறது. முடியாதானால் அங்கே இருப்பது நகைச்சுவை அல்ல. அது வேலையின் ஒரு பாகம். அதற்குத் தனியாய்ச் சம்பளம் கொடுப்பதுதான் நியாயம்.

தியாகராய நகரில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் சிலை இருக்கிறது. அதை 1969 ஜனவரி 14-ந் தேதி திறந்து வைத்தவர் அண்ணா. அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது விழா அதுதான். நாஞ்சில் நாட்டில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்று வயிறு வளர்த்த பிள்ளை கலைவாணர். அவர் எளியவனைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லவில்லை. மூடத்தனத்தைப் பார்த்தும், போலிப் பெருமையைப் பார்த்தும் சிரிக்கச் சொன்னார். அந்தச் சிரிப்பில் எளியவன் தலை நிமிர்ந்தானே தவிரக் குனியவில்லை. சிலைக்குச் சற்றுத் தூரத்திலிருக்கும் கடைகளில் சிரிப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் இதையும் ஒரு பாடமாய்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் நடந்த சோதனை

சந்தோஷமாயிருந்தால் உற்பத்தி பெருகும் என்பதற்கு மேனாட்டு அத்தாட்சியாக எப்போதும் ஒரு சங்கதியைச் சொல்லுவார்கள். சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஹாத்தார்ன் என்னுமிடத்தில் டெலிபோன் சாமான் செய்யும் பெரிய தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை பல சோதனைகள் நடந்தன. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார்கள், குறைத்துப் பார்த்தார்கள். பிறகு சில பெண்களைத் தனி அறையில் வைத்து, ஓய்வு நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எதைச் செய்தாலும் வேலை அதிகமாயிற்று, காரணம் தங்களை ஒருவர் கவனிக்கிறார் என்று அவர்களுக்குத் தோன்றியதுதான் என்பதாகப் பிரசித்தமாயிற்று. அப்படியானால் செலவில்லாமல் கவனித்தால் போதும் என்று முதலாளிகளுக்கு ஏக சந்தோஷம்.

ஆனால் கதையின் மற்றப் பாதியை அவர்கள் சொல்லுவதில்லை. அந்தப் பெண்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். வேலை நேரத்தைக் குறைத்தார்கள். அவர்கள் செய்த வேலைக்குத் தக்கபடி கூலியும் ஏறும்படி செய்தார்கள். இதைக் காட்டி, வெறும் கவனிப்பினால்தான் வேலை பெருகிற்று என்ற முடிவைப் பிற்காலத்து ஆராய்ச்சிக்காரர்கள் பலர் ஆட்சேபித்திருக்கிறார்கள். அதைவிட விசேஷம் ஒன்றுண்டு. 1928-ல் அந்த அறையிலிருந்து இரண்டு பெண்களை வெளியேற்றி, வேறு இருவரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் பேரில் சொன்ன புகார் என்ன தெரியுமா? பேச்சும் சிரிப்பும் அதிகம், ஒத்துழைப்புப் போதாது என்பதுதான். சந்தோஷத்தின் சாஸ்திரத்திற்கே மூலமென்று சொல்லப்படும் அறையிலிருந்து சிரித்ததற்காக ஆளை வெளியேற்றினார்கள் என்றால், தியாகராய நகர் மேற்பார்வைக்காரரை மாத்திரம் நாம் என்ன குறை சொல்லுவது!

பாராட்டு என்பது எது?

நம் நாட்டில் பாராட்டுக்கு ஒரு பழைய முறை உண்டு. வருஷத்திற்கு ஒரு நாள் தராசுக்கும், மோட்டாருக்கும், கணக்குப் புஸ்தகத்திற்கும், இப்போது கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டு, அன்றைக்கு அதற்கு ஓய்வும் கொடுத்துக் கும்பிடுகிறார்கள். தராசு கேட்கவில்லை, மோட்டாருக்குத் தெரியாது. அந்தத் தராசைப் பிடித்த கையும், மோட்டாரை ஓட்டின காலும் பக்கத்தில் நின்று பொரி கடலையை வாங்கிக்கொண்டு போகின்றன. உயிரில்லாத ஆயுதத்திற்குக் கிடைக்கிற மரியாதையில் பாதி உயிருள்ள ஆளுக்குக் கிடைத்தால், இந்தச் "சிறந்த சிப்பந்தி" படத்திற்கே அவசியமிராது.

முதல் பாராட்டு பெயர். ஒருவனை "ஏய்" என்றும், "டேய்" என்றும், "மூன்றாம் மாடி" என்றும், "புதுப் பையன்" என்றும் கூப்பிடுகிற இடத்தில் விருது கொடுத்து என்ன பிரயோஜனம்? பெயரைச் சொல்லி, "வாங்க, போங்க" என்று பேசுவதற்கு ஒரு காலணா செலவில்லை.

இரண்டாவது பாராட்டு கூலி. நன்றாய் வேலை செய்தான் என்று கைதட்டிவிட்டு, அதிக நேரத்திற்குக் கூலி கொடுக்காமலிருப்பது கைதட்டலைக் கூலியில் பிடித்துக்கொள்ளுவதாகும்.

மூன்றாவது பாராட்டு சங்கம். இந்தியாவில் ஒழுங்காய் அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் ஏற்படுத்திய சென்னைத் தொழிலாளர் சங்கம். அதற்குத் தலைமை வகித்த பி. பி. வாடியா அடையாற்றிலிருந்து போனவர். திரு. வி. க. அதில் உழைத்தவர். அன்று தொழிலாளர் சொன்ன குறைகளில் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பதும், மேஸ்திரிகள் ஏசுகிறார்கள், அடிக்கிறார்கள் என்பதும் முக்கியமானவை. கூலியோடு கூட மரியாதையும் அன்றே கேட்கப்பட்டிருக்கிறது. நூறு வருஷத்திற்குப் பிறகு, 2024-ல், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்திற்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் முக்கியமானது தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. 2025 ஜனவரியில்தான் அந்தச் சங்கம் பதிவாயிற்று. ஒவ்வொருவனாய் அழைத்துக் கேடயம் கொடுக்கத் தயாராயிருக்கிறவர்கள், எல்லோருமாய்ச் சேர்ந்து வந்தால் மாத்திரம் ஏன் கதவைச் சாத்துகிறார்கள்?

சில ஆட்சேபணைகள்

"இடம் கொடுத்தால் தலைமேல் ஏறுவான்" என்பது ஒரு ஆட்சேபணை. உட்கார ஸ்டூல் கேட்கிறவன் தலைமேல் ஏன் ஏறப்போகிறான்? ஸ்டூல் இல்லாதபோதுதான் வேறு இடம் தேடவேண்டும்.

"சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் வாடிக்கைக்காரர் கோபிப்பார்" என்பது மற்றொன்று. பாங்கியில் பணம் எண்ணுகிறவர் உட்கார்ந்துதான் எண்ணுகிறார். டாக்டர் உட்கார்ந்துதான் நாடி பார்க்கிறார். ஜட்ஜு உட்கார்ந்துதான் தூக்குத் தண்டனைகூடக் கொடுக்கிறார். யாரும் கோபிக்கவில்லை. துணி காட்டுகிறவள் உட்கார்ந்தால் மாத்திரம் கோபம் வருமானால், அந்தக் கோபம் உட்காருவதைப் பற்றியதல்ல. உட்காருகிறவர் யார் என்பதைப் பற்றியது. தாழ்ந்தவன் உயர்ந்தவன் முன் உட்காரக்கூடாது என்ற பழைய மனுதர்மம்தான் கடைக்குள் வேறு வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது.

"சிறிய கடைக்கு இதெல்லாம் கட்டுமா?" என்பது மூன்றாவது. இதில் கொஞ்சம் நியாயமிருக்கிறது. இரண்டு ஆள் வைத்துக் கடை நடத்துகிறவனும் கடனில் கிடக்கிறவன்தான். ஆனால் நாம் கேட்பதில் பெரும்பாகம் காசில்லாதது. மரியாதைக்கு வட்டி கிடையாது.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை

தோழர்களே! இதுவரை முதலாளிகளைச் சொன்னோம். இனி நம்மையும் கொஞ்சம் சொல்லிக்கொள்ளுவோம். தியாகராய நகர் என்பது பிட்டி தியாகராயர் பெயர். அங்கேயுள்ள பார்க்கு பனகால் அரசர் பெயர். பாண்டி பஜார் என்பது ஊ. பு. அ. சவுந்தரபாண்டியன் பெயரால் ஏற்பட்ட சவுந்தரபாண்டியன் அங்காடி. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாட்டிற்குத் தலைமை வகித்தவர் அவர். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்காரர்கள்பேரில் நடவடிக்கை எடுத்து, அவர்களையும் மற்றவர்களோடு சமமாய் உட்கார வைத்தவர் என்பது அவருக்குள்ள பெருமை. உட்காருவதற்காகச் சண்டை போட்டவர் பெயரை வைத்த தெருவிலும், அதைச் சுற்றிலும் உட்கார இடமில்லை என்றால், அந்தப் பெயர்ப்பலகை நம்மைப் பார்த்துச் சிரிக்கிறதா இல்லையா?

நம்மிலும் கடை வைத்திருக்கிறவர்கள் உண்டு. அச்சாபீசு நடத்துகிறவர்கள் உண்டு. வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர்கள் அநேகர். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவை எல்லாம் வைதிகர் வீடு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு யோக்கியதை உண்டா என்று அவரவர் சமையலறையில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வந்து, "அடியே, காப்பி கொண்டா" என்றால், கேட்டவள் மனத்துக்குள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு நாம் பாத்திரமாகக் கூடாது.

ஆகவே கடையோ, ஆபீசோ, வீடோ வைத்திருக்கும் தோழர்கள் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. ஸ்டூலின் மேலிருக்கும் சரக்கை இறக்கி வையுங்கள். வேலை செய்கிறவரைப் பெயர் சொல்லி மரியாதையாய்க் கூப்பிடுங்கள். அதிக நேரத்திற்குக் கூலியைக் கேட்காமலே கொடுங்கள். அவர் நல்ல யோசனை சொன்னால் அதை அவர் பெயராலேயே நாலு பேருக்குச் சொல்லுங்கள். உங்கள் யோசனையாக ஆக்கிக்கொள்ளாதீர்கள். உங்களைப் பற்றி அவர் ஒரு வேடிக்கை சொன்னால் கூடவே சிரியுங்கள். நன்றாயிருந்தால் மறுநாளும் சொல்லச் சொல்லுங்கள். சாமான் வாங்கப் போகிறவர்களோ, "உட்கார்ந்துகொண்டு காட்டுங்கள்" என்று மேற்பார்வைக்காரர் காதில் விழும்படி உரக்கச் சொல்லுங்கள். வாங்குகிறவன் வாயிலிருந்து வந்தால், அந்த வார்த்தைக்குக் கடையில் சட்டத்தைவிட அதிக மதிப்பு உண்டு.

நாங்கள் அன்று மூன்று வேட்டி வாங்கினோம். பில் போடுகிற இடத்தில், சேவை எப்படியிருந்தது என்று எழுதச் சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். "துணி காட்டிய பெண் கெட்டிக்காரி. அவருடைய ஸ்டூலை அவருக்குக் கொடுக்கவும்" என்று எழுதிப் போட்டுவிட்டு வந்தோம். அடுத்த மாதம் மறுபடியும் போகப்போகிறோம். வேட்டி தேவையில்லை; ஸ்டூலைப் பார்த்துவிட்டு வருவதற்குத்தான்.